அரை வோல்ட்

என் தங்கைக்கு என்மேல் அளவுக்கு மீறிய நம்பிக்கை. அதை வளர்த்துவிட்டவள் நான்தான். சின்ன வயதில் வீட்டு ரேடியோவைப் பிரித்து, அவள் கண்ணெதிரிலேயே மறுபடி பூட்டிப் பாட வைத்தேன். மிஞ்சிப்போன இரண்டு திருகாணிகளை அவளுக்குத் தெரியாமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். அன்றிலிருந்து அவளுக்கு அக்கா என்றால் தெய்வத்துக்கு ஒரு படி கீழே. நானும் அந்தப் படியிலிருந்து இறங்க முயன்றதில்லை.

அவள் பிசியோதெரபிஸ்ட். பக்கவாதம் வந்து கைகால் விழுந்தவர்களைத் தண்ணீருக்குள் நடக்க வைப்பது அவள் தொழில். வாடகைக்கு எடுத்த கட்டடத்தின் பின்கூடத்தில் மார்பளவு ஆழத்துக்கு ஒரு தொட்டி கட்டியிருக்கிறாள். சுற்றிலும் பிடித்துக்கொள்ள எவர்சில்வர் கம்பி. தொட்டிச் சுவரில், தண்ணீருக்கு அடியில், நான்கு வட்ட விளக்குகள். அவை அழகுக்காக வைத்தவை அல்ல. பக்கவாதம் வந்த சிலருக்குத் தங்கள் கால் எங்கே இருக்கிறது என்பதே தெரியாது. குனிந்து கண்ணால் பார்த்துத்தான் அடுத்த அடியை எடுத்து வைப்பார்கள். விளக்கு மங்கினால் அவர்களுக்குக் கால் தொலைந்துபோகும். தொட்டிக்குள் கால் தொலைந்தவர் அப்படியே குப்புற விழுவார்.

அந்தத் தெருவின் கரண்டோ குடிகாரன் நடை. பக்கத்தில் ஒரு மரப்பட்டறை. அங்கே ரம்பம் ஓடத் தொடங்கினால் தெருவே மங்கும். ரம்பம் நின்றால் வோல்டேஜ் எகிறி பல்புகள் உயிரை விடும்.

நான் ஸ்டெபிலைசர் தொழிற்சாலையில் வடிவமைப்புப் பிரிவில் இருக்கிறேன். ஊரார் வீட்டு ஃப்ரிட்ஜ்களைக் காப்பாற்றுவதே என் உத்தியோகம். ஆகவே ஒருநாள் தங்கை வந்து நின்றாள்.

"அக்கா, விளக்கு ஏறி ஏறி இறங்குது. நேத்து ஒரு அம்மா பயந்துபோய் என் கழுத்தைப் புடிச்சுத் தொங்கிட்டாங்க. நீதான் ஏதாவது பண்ணணும்."

"கடையில பன்னெண்டு வோல்ட் டிரான்ஸ்பார்மர் விக்குது. போய் வாங்கு."

"வாங்கிப் பாத்தாச்சு. கரண்ட் குறைஞ்சா அதுவும் குறையுது, கூடினா கூடுது."

"குறையாம என்ன செய்யும்? இந்தப் பக்கம் வர்றதை அந்தப் பக்கம் சின்னதாக்கிக் குடுக்கும். அதுக்கு மேல அதுக்குப் புத்தி கிடையாது."

"அதான், புத்தி இருக்கறவகிட்ட வந்திருக்கேன்."

இதற்குப் பிறகு எந்த அக்கா முடியாது என்பாள்?

பேட்டரியில் வருவதுபோல ஒரே திசையில் ஓடும் கரண்டைக் கொடுத்துவிடலாமே என்று கேட்டாள். அது தண்ணீருக்குள் கசிந்தால் விளக்கின் உலோகத்தை அரித்துத் தின்றுவிடும் என்று விளக்கினேன். வீட்டுக் கரண்டைப்போல முன்னும் பின்னும் ஓடும் ஏசியாகவே இருக்க வேண்டும். ஆனால் பன்னிரண்டே வோல்ட். தெருவில் என்ன ரகளை நடந்தாலும் பன்னிரண்டிலேயே நிற்க வேண்டும்.

அதற்காக ஒரு பெட்டியை இரண்டு பாகமாகப் போட்டேன். முதல் பாகத்தில் ஒரு பெரிய கம்பிச்சுருள், அதன்மேல் நகரும் ஒரு கரித்துண்டு, அதை நகர்த்த ஒரு குட்டி மோட்டார். கரண்ட் குறைந்தால் மோட்டார் கரித்துண்டை மேலே ஏற்றும், கூடினால் இறக்கும். இரண்டாம் பாகம் டிரான்ஸ்பார்மர். அதில் இரண்டு சுருள்கள். ஒன்றில் வீட்டுக் கரண்ட், மற்றதில் பன்னிரண்டு வோல்ட். இவை இரண்டும் எதிரெதிர் வீட்டுச் சம்பந்திகள் மாதிரி. கொடுக்கல் வாங்கல் எல்லாம் உண்டு, ஒரே கூரையின் கீழ் வரக்கூடாது. நடுவில் காந்தம் மட்டும்தான் தூது போகும். தண்ணீருக்குள் நிற்பவரின் உயிர் அந்த இடைவெளியில் இருக்கிறது. இதை நான் புதிதாய் வேலைக்கு வருபவர்களிடம் மேசையைத் தட்டித் தட்டிச் சொல்வது வழக்கம்.

பெட்டியிலிருந்து வெளியே எத்தனை வோல்ட் போகிறது என்று மோட்டாருக்கு யாராவது சொல்ல வேண்டும். அதற்கென்று இன்னொரு குட்டி டிரான்ஸ்பார்மரை வைத்தேன். அது கொஞ்சம் மந்தம். அது சொல்லி மோட்டார் திரும்புவதற்குள் வோல்ட் பன்னிரண்டிலிருந்து அரை வோல்ட் விலகிவிட்டு, பிறகு திரும்பி வந்தது. அரை வோல்ட்டுக்கு விளக்கில் எந்த வித்தியாசமும் தெரியாது. தொட்டிக்குள் நடக்கும் யாருக்கும் அதனால் ஒரு குறையும் இல்லை. எனக்குத்தான் மீட்டரில் அந்த முள் ஆடுவது பிடிக்கவில்லை. குட்டி டிரான்ஸ்பார்மரைக் கழற்றி எறிந்துவிட்டு, பன்னிரண்டு வோல்ட் பக்கத்திலிருந்தே, மோட்டாரை ஓட்டும் சர்க்யூட் பலகைக்கு நேரடியாகக் கம்பி இழுத்தேன். முள் ஆணி அடித்ததுபோல நின்றது. எனக்கு அன்றைக்கு இருந்த தலைக்கனத்துக்கு இரண்டு தலை தேவைப்பட்டது.

பெட்டியை மாட்ட வந்த வயர்மேன், "லீக்கேஜ் ஆனா தானா விழுற சுவிட்ச் ஒண்ணு வாங்கி வெச்சிருக்காங்க. மாட்டிடட்டுமாம்மா?" என்று கேட்டார்.

"என் பெட்டி இருக்கறப்ப அது எதுக்கு? சும்மா சும்மா விழுந்து உயிரை எடுக்கும். அப்புறம் பாத்துக்கலாம்" என்றேன்.

அந்த சுவிட்ச் அட்டைப் பெட்டியோடு அலமாரிக்குப் போனது.

பெட்டி வைத்துச் சில வாரம் கழித்து, வேலை நேரத்தில் தங்கை போன் செய்தாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்றே தெரியவில்லை.

"அக்கா, டெய்லருக்குக் கை வந்துடுச்சு!"

டெய்லரைப் பற்றி அவள் ஏற்கெனவே சொல்லியிருந்தாள். பக்கவாதத்தில் இடது கால் கொஞ்சம் தேறிவிட்டது. இடது கையில் மட்டும் உணர்ச்சியே இல்லை. ஆஸ்பத்திரியில் மெஷின் வைத்து நரம்பைத் தூண்டிப் பார்த்தும் பலனில்லை. துணியைப் பிடித்து நகர்த்த இடது கை இல்லாமல் என்ன தையல்? தையல் மெஷினை விற்றுவிடுவது என்று வீட்டில் முடிவாகிவிட்டது. வாங்குவதற்கு ஆளும் பார்த்தாகிவிட்டது.

"இப்ப கம்பியைப் புடிச்சா கையில விறுவிறுன்னு ஓடுதாம். சுண்டுவிரல் ஆடுது, நானே பாத்தேன். உன் பெட்டி வந்த ராசிக்கா! வந்து பாரேன்."

மதியச் சாப்பாட்டு நேரத்தில் போனேன். டெய்லர் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் வாயெல்லாம் பல்.

"வாங்கம்மா. இது என் கைன்னே மறந்துபோச்சும்மா எனக்கு. ஒருதடவ பஸ்ல பக்கத்து சீட்டுக்காரர் கைன்னு நெனச்சு, எடுய்யான்னு தள்ளிவிட்டுட்டேன்."

அவர் மனைவி கரையில் நின்று சிரித்தார். சிரிக்கும்போதே கண்ணைத் துடைத்துக்கொண்டார். தங்கை டெய்லரின் இடது கையைத் தூக்கிக் கம்பிமேல் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிவிட்டாள். சுண்டுவிரல் துடித்தது. அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு அதையே பார்த்தார். பெற்ற பிள்ளை முதல் அடி வைப்பதைக்கூட ஒருவர் இப்படிப் பார்த்திருக்க மாட்டார்.

"வேற எங்க புடிச்சாலும் இது வரமாட்டேங்குதும்மா. இந்த மூலையில, இந்த லைட் பக்கத்துலதான்" என்றார்.

குனிந்து அந்த விரலைப் பார்த்தேன். துடிப்பு ஒரே சீராக, மிக வேகமாக இருந்தது. அப்படி ஒரு விரல் தானாக ஆடாது. பக்கத்துப் பட்டறையில் ரம்பம் கத்தியது. விரல் இன்னும் வேகமாக அல்ல, இன்னும் பலமாகத் துடித்தது. நான் மண்டியிட்டு ஒரு கையைத் தண்ணீரில் விட்டு, மறு கையால் கம்பியைத் தொட்டேன். இரண்டு தோள்வரைக்கும் ஷாக் ஓடியது. அது எனக்கு நன்றாகப் பழகிய உணர்ச்சி. என் பிழைப்பே அதோடுதான்.

எழுந்து போய்ச் சுவரிலிருந்து பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினேன். தொட்டி இருண்டது.

"என்னக்கா?"

"பெட்டி ரொம்ப சூடாயிருக்கு. சர்வீஸ் பண்ணணும். எல்லாரையும் வெளிய வரச் சொல்லு."

"இப்பவேவா?"

"இப்பவேதான்."

பொய் எவ்வளவு சுளுவாக வந்தது என்று எனக்கே ஆச்சரியம். பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தபோது டெய்லரின் மனைவி என் கையைப் பிடித்துத் தன் கண்களில் ஒற்றிக்கொண்டார். "நீங்க நல்லா இருக்கணும்மா" என்றார். என்னைச் செருப்பால் அடித்திருந்தால்கூடக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

தொழிற்சாலைக்குப் போய் மேசையில் பெட்டியைத் திறந்தேன். பன்னிரண்டு வோல்ட் கம்பியில் மீட்டரின் ஒரு முனையை வைத்தேன். மறு முனையை, வீட்டுக் கரண்ட் திரும்பிப் போகும் வழியான நியூட்ரல் காலில், பிளக்கில் வைத்தேன். இரண்டுக்கும் ஒட்டும் உறவும் இருக்கக் கூடாது. மீட்டர் கீச்சென்று கத்தியது. எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை. மோட்டார் பலகை வீட்டுக் கரண்ட் பக்கத்தைச் சேர்ந்தது. நான் இழுத்த அந்த ஒற்றைக் கம்பி இரண்டு சம்பந்திகளையும் ஒரே வீட்டில் குடிவைத்துவிட்டது. பெட்டி செய்தபோது பன்னிரண்டு வோல்ட்டின் இரண்டு கம்பிக்கும் நடுவில் எத்தனை தடவை அளந்திருப்பேன்! கம்பிக்கும் பூமிக்கும் நடுவில் ஒரு தடவைகூட அளக்கவில்லை.

ரம்பம் ஓடும்போது அந்தத் தெருவின் நியூட்ரலில் சில வோல்ட் ஏறிவிடும். அது என் பெட்டி வழியாக, லேசாகக் கசியும் அந்த மூலை விளக்குக்கு வந்து, தண்ணீருக்குள் இறங்கி, டெய்லரின் கையில் ஏறி, எவர்சில்வர் கம்பி வழியாகப் பூமிக்குப் போயிருக்கிறது. கை பிழைக்கவில்லை. கரண்ட் அதை ஆட்டியிருக்கிறது. அதுவும் நியூட்ரலாக இருந்ததால் ஆட்டியதோடு விட்டது. தெருவில் நியூட்ரல் கம்பி அறுந்திருந்தாலோ, யாராவது சாக்கெட்டில் இரண்டு கம்பியை இடம் மாற்றி மாட்டியிருந்தாலோ, முழுக் கரண்டும் தண்ணீரில் இறங்கியிருக்கும். டெய்லர் மட்டுமல்ல, அவரைத் தாங்கிப் பிடித்தபடி தண்ணீருக்குள் நின்ற என் தங்கையும் போயிருப்பாள். யானைக்கும் அடி சறுக்கும் என்று யாராவது வந்து ஆறுதல் சொன்னால் அறைந்திருப்பேன். யானை சறுக்கினால் யானைதான் விழும்.

நேரடிக் கம்பியை வெட்டினேன். குட்டி டிரான்ஸ்பார்மரைத் திரும்ப வைத்தேன். கம்பிக்கும் பூமிக்கும் அளந்தேன், சுருளுக்கும் சுருளுக்கும் அளந்தேன், அளந்ததையே மறுபடியும் அளந்தேன். வேலை முடிந்தபோது எல்லாரும் வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். அப்போதே தங்கையிடம் சொல்லியிருக்கலாம். போனைக் கையில் எடுத்துக்கூட வைத்திருந்தேன். பெட்டிதான் சரியாகிவிட்டதே, யார் உயிரும் போகவில்லையே, கை பழையபடி மரத்துப்போனால் நோயின் குணம் என்று நினைத்துக்கொள்வார்கள், ஏன் கிளற வேண்டும் என்று மனசு ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்ப்பவர்களை நான் எத்தனை கேலி செய்திருக்கிறேன்.

போன் தானாகவே அடித்தது. தங்கைதான்.

"அக்கா, மெஷின் வாங்கறவர் டெய்லர் வீட்ல வந்து உக்காந்திருக்காராம். குடுக்கறதா வேணாமான்னு டெய்லர் என்னைக் கேக்கறார். கையில இப்பதான் உயிர் வருது, குடுக்க மனசில்லைங்கறார். நான் என்ன சொல்லட்டும்?"

வெட்டிப் போட்ட கம்பித் துண்டை விரலில் சுற்றிக்கொண்டிருந்தேன்.

"அக்கா? இருக்கியா? வாங்க வந்தவரு இன்னிக்குக் குடுக்கலன்னா வேற எடத்துல வாங்கிடுவாராம். நீ என்ன நெனைக்கற?"

"நான் என்ன டாக்டரா? உன் தொழில், உனக்குத்தான் தெரியும்" என்றேன்.

"சரி. அப்ப குடுக்க வேணாம்னு சொல்லிடறேன்." அவள் குரலில் சந்தோஷம் இருந்தது. "எனக்கும் அதான் தோணுச்சு."

போனை வைத்துவிட்டாள். நான் திரும்ப அழைக்கவில்லை. இதுதான் நான் செய்தது. கம்பி இழுத்தது பிழை. அதைத் தெரியாமல் செய்தேன். இதைத் தெரிந்தே செய்தேன்.

வீட்டில் என் கணவர், "என்ன, பெட்டிக்கு ஜுரமா? அதைத் தூக்கிட்டு வந்திருக்க. உன் மூஞ்சிலதான் காய்ச்சல் தெரியுது" என்றார். சூடாகிவிட்டது என்று அவரிடமும் அதே பொய்யைச் சொன்னேன். இரண்டாம் தடவை இன்னும் சுளுவாக வந்தது.

மறுநாள் காலையில் பெட்டியை எடுத்துப் போனேன். முதல் வேலையாக அலமாரியில் கிடந்த சுவிட்சை எடுத்து வயர்மேனிடம் கொடுத்து, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மாட்டச் சொன்னேன். அவர் என்னை ஒருமாதிரி பார்த்தார், கேள்வி கேட்கவில்லை. விளக்குகள் எரிந்தன. டெய்லர் தண்ணீரில் இறங்கினார். அவர் மனைவி ஒரு சட்டைத் துணியை மடித்துக் கையில் வைத்திருந்தார். பழைய வாடிக்கையாளர் ஒருவர் கொண்டுவந்து கொடுத்ததாம், கை முழுசாக வந்தபிறகு மெதுவாகத் தைத்தால் போதுமாம். அதை என்னிடம் விரித்துக்கூடக் காட்டினார்.

தங்கை டெய்லரின் விரல்களைக் கம்பியில் மடக்கி வைத்தாள்.

அவர் காத்திருந்தார். பக்கத்தில் ரம்பம் கத்தியது. விளக்கு அசையாமல் எரிந்தது. சுண்டுவிரலும் அசையவில்லை. கொஞ்சம் நகர்ந்து நின்று பார்த்தார். விளக்குக்கு இன்னும் கிட்டே போய்ப் பார்த்தார்.

"இன்னிக்கு வரலியே" என்றார் தங்கையிடம்.

"வரும். சில நாள் அப்படித்தான் இருக்கும். அவசரப்படாதீங்க."

"தண்ணிய மாத்திட்டீங்களா?"

"இல்லியே."

அவர் என் பக்கம் திரும்பினார். "நீங்க ஏதாவது மாத்தினீங்களாம்மா?"

அவர் குற்றம் சாட்டிக் கேட்கவில்லை. மெக்கானிக்கிடம் வண்டியைப் பற்றிக் கேட்பதுபோலத்தான் கேட்டார். தங்கை எனக்காக "இல்லை" என்று சொல்ல வாயெடுத்ததைப் பார்த்தேன். அந்த வாய் என்னை நம்பித் திறந்த வாய். இனிமேல் முடியாது என்று தோன்றியது.

"மாத்தினேன்" என்றேன். "என் பெட்டியில தப்பு இருந்துச்சு. கரண்ட் தண்ணிக்குள்ள லீக் ஆச்சு. உங்க கையில ஓடினது அதுதான். விரல் ஆடினதும் அதனாலதான். கை தானா ஆடல. உங்க எல்லாருக்கும் உயிரே போயிருக்கும். என்னை மன்னிச்சுடுங்க."

 தங்கை தன் இரண்டு கைகளையும் தண்ணீருக்கு வெளியே எடுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். அது இப்போது ஆபத்தில்லாத தண்ணீர் என்று அவளுக்கு நான் சொல்லியிருக்க வேண்டும். அவள் அதை நம்பியிருக்கவும் வேண்டும்.

"எப்ப தெரியும் உனக்கு?" என்றாள்.

"நேத்து. பிளக்கைப் புடுங்கினப்பவே."

"சாயங்காலம் போன்ல கேட்டேனே."

"கேட்ட."

"கேட்டேனேக்கா."

அதற்கு மேல் அவள் ஒன்றும் கேட்கவில்லை. டெய்லரின் மனைவி மடித்த துணியை நாற்காலியில் வைத்துவிட்டு, கூடத்துக்கு வெளியே போய் போனில் பேசினார். அவர் பேசியது உள்ளேயே கேட்டது. ஆமாங்க, தப்பா சொல்லிட்டோம், இப்ப குடுத்துடறோம் என்றார். அப்புறம், அப்படியா என்றார். அப்புறம், சரிங்க, பரவால்லீங்க என்றார். திரும்பி வந்து கணவரைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தார். அந்த ஆள் நேற்றே வேறு மெஷின் வாங்கிவிட்டார்.

டெய்லர் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை. கம்பிமேல் இருந்த தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அம்மா" என்றார் என்னிடம், தணிந்த குரலில். "நேத்து இருந்த மாதிரியே திருப்பி வெக்க முடியுமா?"

"என்ன?"

"அந்தத் தப்பை. முடியும்ல உங்களால?"

"அது உயிரை எடுத்துடுங்க."

"டாக்டரம்மா வெளிய நிக்கட்டும். யாரும் வேணாம், நான் மட்டும். கொஞ்ச நேரம் போதும்மா. கை இருக்குன்னு தெரிஞ்சுது. அவ்வளவுதான் வேணும். தைக்கக்கூட வேணாம்."

 மாட்டேன் என்று சொல்ல வேண்டும். சொல்லும் யோக்கியதை எனக்கு இருக்கிறதா என்று தெரியவில்லை. முடியாது என்று தலையை மட்டும் ஆட்டினேன். அவர் இன்னும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் மனைவி செருப்பைக் கழற்றிவிட்டு, உடுத்தியிருந்த உடுப்போடு படி இறங்கித் தண்ணீருக்குள் வந்தார். கரண்ட் இருக்கிறதா இல்லையா என்று என்னைக் கேட்கவில்லை. கணவரிடம் போய், கம்பிமேல் மடங்கியிருந்த விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, அந்தக் கையைத் தன் இரண்டு கைகளுக்குள் வைத்துக்கொண்டார்.

"நீங்க கொஞ்சம் வெளிய போங்கம்மா. அவர் அழப்போறார். யாரும் பாத்தா அவருக்குப் புடிக்காது" என்றார்.

வெளியே வந்தேன். பின்னாலேயே தங்கையும் ஈர உடையோடு வந்து கதவைச் சாத்தினாள். வந்தவள் என் பக்கத்தில் நிற்கவில்லை. எதிர்ச் சுவரோரம் போய், என்னைப் பார்க்காமல் நின்றாள்.